டத்தோ கிராமாட் சந்து முனையில் நான் சொன்னது

இதை எழுத வேண்டும் என்று ஆறு வருடமாக நினைக்கிறேன். ஒவ்வொரு தைப்பூசம் முடிந்ததும் நோட்டை எடுத்து வைத்து நாலு வரி எழுதுவேன், பிறகு கிழித்துவிடுவேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், இடைநிலைப்பள்ளியில் மூன்று வருடம், அதோடு சரி. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வெட்கம். சாமி கும்பிடுகிறவர் என்று நாலு பேர் மதிக்கிறார்கள். சாமி பெயரைச் சொல்லி நான் செய்ததை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் இப்போது எழுதுகிறேன்.

நானும் என் நண்பனும் பினாங்கில் பிறந்தவர்கள். நான் ஆயர் ஈத்தாம், அவன் டத்தோ கிராமாட். ஒரே பள்ளியில் படித்து, இருபது வயதில் ஒன்றாகப் பிழைப்புத் தேடிக் கிள்ளானுக்கு வந்தோம். அவன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். நான் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் சேர்ந்தேன். கல்யாணம், வீடு எல்லாம் கிள்ளானிலேயே அமைந்துவிட்டது.

என் மகளுக்கு எட்டு வயதில் இருதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அவள் பிழைத்து எழுந்தால் மூன்று வருடம் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எழுந்துவிட்டாள். முதல் இரண்டு வருடமும் எனக்குப் பின்னால் எலுமிச்சம்பழமும் தண்ணீரும் பிடித்துக்கொண்டு மலை ஏறியவன் என் நண்பன்தான். நான் சொல்லப்போவது மூன்றாவது வருடத்துக் கதை.

நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் முப்பது நாளுக்கு மேல் கடந்திருந்தது. தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நாள் வீட்டுக்கு வந்தான்.

"சாமி, ரெண்டு நாள் பினாங்கு போயிட்டு வருவோமா? காவடி கட்ட எடம் சொல்லி வச்சிரலாம். அப்படியே கடக்காத்து வாங்கலாம். கிள்ளான் தூசிய தின்னு தின்னு நெஞ்செல்லாம் அடைக்குது."

விரதத்தில் இருக்கிறவரை எங்கள் பக்கத்தில் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரார் பக்தியோடு கூப்பிடுவார்கள், அவன் கிண்டலோடு கூப்பிடுவான்.

"விரதத்துல ஊர் சுத்தக் கூடாதுடா," என்றேன்.

"முருகன் மயில் மேல ஒலகத்தையே சுத்துனாரு. நீ என் காடியில பினாங்கு வரக் கூடாதா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். பாய், என் சாப்பாட்டுத் தட்டு, டம்ளர், மாற்று மஞ்சள் வேட்டி எல்லாம் அவளே எடுத்து வைத்தாள்.

விடியற்காலையில் அவனுடைய காடியில், அதாவது காரில், கிளம்பிப் பத்து மணிக்கெல்லாம் பினாங்குப் பாலத்தைக் கடந்தோம். சூலியா தெருவில் ஒரு சின்ன ஓட்டலில் அறை எடுத்தான். கட்டிலைச் சுவர் ஓரம் தள்ளிவிட்டு நான் தரையில் பாய் விரித்தேன். துண்டு கொடுக்க வந்த சீன அம்மா அதைப் பார்த்துவிட்டு, கட்டில் உடைந்திருக்கிறதா என்று மலாயில் கேட்டார். "கட்டில் நல்லாதான் இருக்கு, இவருக்குத்தான் கொஞ்சம் ஒடஞ்சிருக்கு" என்று தன் தலையைத் தட்டிக் காட்டினான் நண்பன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்று முழுவதும் அவன் சிறுபிள்ளை போலத்தான் இருந்தான். காவடி கட்ட இடம் சொல்லி வைத்தோம். மலை ஏறிக் கும்பிட்டோம். அடிவாரத்தில் மாலை கட்டுகிற அக்காவிடம், "என்னக்கா, இன்னும் என்னை ஞாபகம் இருக்கா?" என்று வம்பு வளர்த்தான். "ஒன் மூஞ்ச மறக்க முடியுமாடா? ஸ்கூல் போற வயசுல எத்தன மால திருடுன!" என்றார் அந்த அக்கா. சாயங்காலம் கடலோரத் திடலில் உட்கார்ந்திருந்தோம். அவன் பசெம்பூர் ஒரு தட்டு தின்றான். எனக்கு வாழைப்பழமும் பாலும். ஏன் இவ்வளவு பேசுகிறான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். கோயிலுக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக் காடியில் ஏறினேன். டத்தோ கிராமாட்டுக்கு வந்து, அவன் வளர்ந்த வீடு இருக்கிற சந்தின் முனையில் ஒரு மரத்தடியில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் இருந்தது அவனுடைய ஒரே அண்ணன். பதினொரு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவர்களுடைய அம்மா இறந்தபோது, அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் என்ற முறைப்படி கொள்ளி வைக்க வேண்டியவன் என் நண்பன். சாலையில் விபத்து நடந்து போக்குவரத்து நின்றுபோனதால் கிள்ளானிலிருந்து வந்து சேர ஒரு மணி நேரம் தாமதம். மழை வருகிறது, இனியும் வைத்திருக்க முடியாது என்று எல்லாரும் சொல்ல, அண்ணனே கொள்ளி வைத்துவிட்டார். "என் அம்மாவுக்கு நான் செய்ய வேண்டியத நீ செஞ்சிட்ட" என்று சுடுகாட்டிலேயே கத்திவிட்டு வந்தவன்தான். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

இப்போது ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணனுக்கு ஈரல் போச்சுடா. ஆஸ்பத்திரில வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னுட்டாங்க. அண்ணி போன் பண்ணுனாங்க. என்னைக் கேட்டுக்கிட்டே இருக்காராம்."

"இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?"

"தனியா வர கால் வரலடா. நீ உள்ள வர வேணாம். வாசல் வரைக்கும் கூட வா போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

என் கை தானாகக் கழுத்தில் கிடந்த விரத மாலைக்குப் போனது. நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். என் மகளைத்தான் நினைத்தேன். மூன்றாவது வருடம், இன்னும் பதினாலு நாள். நாங்கள் அங்கே நிற்கும்போதே அந்த மனிதர் போய்விட்டால் தீட்டு. விரதம் முறிந்துவிடும். வேண்டுதல் முறிந்தால் அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குள் என்ன ஆகுமோ என்று பயந்தேன். உயிரோடு இருக்கிற நோயாளியைப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன்.

"நான் வர முடியாதுடா," என்றேன்.

"சரி, நீ காடியிலயே இரு. நான் மட்டும் போயிட்டு வரேன்."

அவன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டான். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"நீயும் போகாத. அங்க எதாச்சும் ஆச்சின்னா, நீ இதே காடியில என் பக்கத்துல ஒக்காந்துதான் வரணும். ரெண்டு வாரம்தானே? பூசம் முடியட்டும். மலைய விட்டு எறங்குனதும் நானே ஒன்னைக் கூட்டிட்டு வரேன்."

அவன் வெளியே வைத்த கால் அப்படியே இருந்தது.

"ரெண்டு வாரம் தாங்குவாரா?"

"முருகன் பாத்துக்குவாரு," என்றேன்.

"சாமி சொன்னா சரி," என்றான். அந்த முறை அதில் கிண்டல் இல்லை. காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான்.

அங்கிருந்து ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் போனோம். என் மனைவிக்கு ஜாதிக்காய் வாங்கினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எது நல்ல காய் என்று நின்று பொறுக்கி வாங்கினேன். அவன் காடியைவிட்டு இறங்கவே இல்லை. கிள்ளான் வரும்வரைக்கும் ரேடியோதான் பேசியது.

தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது காலையில் போன் வந்தது.

"அண்ணன் போயிட்டாருடா. நான் காடியில போய்க்கிட்டு இருக்கேன்."

"நானும்…"

"நீ வராத. நீ சாமி. புள்ளையப் பாரு." அதோடு வைத்துவிட்டான்.

மூன்றாவது காவடி நல்லபடி முடிந்தது. அண்ணன் இறந்த தீட்டு என்பதால் அவன் மலைக்கு வரவில்லை. பழமும் தண்ணீரும் என் மைத்துனர் பிடித்தார். அத்தனை வெயிலில் அத்தனை மணி நேரம் சுமந்தும் பால் திரியாமல் இருந்தது. "பாரு, சுத்தமான விரதம்" என்று எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். என் மகள் தன் கால்களால் எல்லாப் படியும் ஏறி வந்து என் பக்கத்தில் நின்றாள். முருகா, அதற்கு நான் உனக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனால் அன்றைக்கு மேலே நின்று ஊரைப் பார்த்தபோது, டத்தோ கிராமாட் எந்தப் பக்கம் என்று என் கண் தானாகத் தேடியது. அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சாப்பாடு முடிந்து கை கழுவும்போது அண்ணி, அதாவது அண்ணனின் மனைவி, என் நண்பனிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தம்பி, அன்னிக்கி ஊருக்கு வந்திருந்தீங்கதானே? மலையடியில மால கட்டுற அக்கா அன்னிக்கி ராத்திரியே போன் பண்ணி, கொழுந்தனாரப் பாத்தேன்னு சொன்னாங்க. அதக் கேட்டதும் இவரு, காலையில எனக்குச் சவரம் பண்ணி விடு, அவன் வருவான்னாரு. சட்ட போட்டு, வாசல்ல நாற்காலி போட்டு ஒக்கார வச்சோம். ஒக்காரவே முடியாது, தலகாணி வச்சு முட்டுக் கொடுத்தோம். மத்தியானம் வரைக்கும் இருந்தாரு. அப்புறம், அவனுக்கு வேல இருந்திருக்கும், என்னை உள்ள கொண்டு போய்ப் படுக்க வைன்னாரு. அதுக்கப்புறம் ஒங்களப் பத்திப் பேசல."

சந்து முனையிலிருந்து அந்த வாசல் முப்பது அடி இருக்காது. மரம் மறைத்திருந்தது. காடி இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தால் அவர் எங்களைப் பார்த்திருப்பார். யாரும் வாசல் ஏற வேண்டியதே இல்லை.

நான் வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் நண்பன் சொல்லிவிட்டான்.

"வந்தேன் அண்ணி. முன வரைக்கும் வந்தேன். எனக்குத்தான் பழைய கோவம் போகல. திரும்பிட்டேன்."

அண்ணி அவனைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அண்ணன் மகன் கையிலிருந்த வாளியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் ஈரக் கையோடு நின்றேன். நின்றேன், அவ்வளவுதான். பொய் சொன்னவன் அவன், ஆனால் அந்தப் பொய்யின் நிழலில் ஒதுங்கியவன் நான்.

திரும்பும் வழியில், "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒனக்காக இல்லடா. நான் பதினோரு வருசம் வராதவன். பன்னெண்டாவது வருசமும் வரலன்னு போகட்டும். ஒன் புள்ளைக்கு வேண்டிக்கிட்டதால இப்படி ஆச்சின்னு நாளைக்கு யாரும் அது காதுல ஓதக் கூடாது."

அதற்குமேல் இதைப் பற்றிப் பேச அவன் விட்டதில்லை.

என் வாய் சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. கிள்ளானில் எங்கள் காவடிக் குழுவில் ஒருவரிடம் மனம் தாங்காமல் பாதிக் கதையைச் சொல்லிவிட்டேன். அது சுற்றி வந்தபோது வேறாக இருந்தது. சாவு விழப்போகிற வீட்டுக்குள் கால் வைக்கவிடாமல் முருகன் என்னைச் சந்து முனையிலேயே தடுத்து நிறுத்தினார், அதனால்தான் பால்கூடத் திரியவில்லை என்று, புதிதாக மாலை போடுகிறவர்களுக்கு அதை உதாரணமாகச் சொன்னார்கள். ஒரு முறை என் நண்பனை வைத்துக்கொண்டே சொன்னார்கள். அவன் அன்னதானத்துக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அடுத்த இலைக்குப் போனான்.

போன மாதம் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை எனக்கு வந்தது. சொந்தச் சித்தப்பாவான அவனுக்கு வரவில்லை. நான் அந்தப் பையனைப் போனில் கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன். ஆறு வருடம் கழித்துச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அங்கிள், அவரு ஒங்க கூட்டாளி. அவரக் காப்பாத்தப் பேசுறீங்க. நீங்க நல்ல மனுசன்லா. கல்யாணத்துக்கு வந்துருங்க" என்றான்.

நான் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பன் வழக்கம்போல என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து டீ குடித்தான். கல்யாணம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதப்போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். "ஒன் இஷ்டம்," என்றான். பிறகு, "புள்ள படிக்கும்லடா," என்றான். படிக்கட்டும். பதினேழு வயதாகிறது. அவளிடம் முதலில் காட்டிவிட்டுத்தான் இதை வெளியே கொடுக்கிறேன். படித்துவிட்டு நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போய்வந்தாள். அவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் டத்தோ கிராமாட்காரர்கள் இருப்பீர்கள். தெரிந்தவர்களுக்கு இதைக் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். என் பெயரைக் காப்பாற்ற எதையும் மாற்ற வேண்டாம். முருகன் தடுத்தார் என்று சேர்க்காதீர்கள், அவர் தடுக்கவில்லை. பயந்த தகப்பன், பாவம் என்றும் சேர்க்காதீர்கள். அவன் ஒரு காலை வெளியே வைத்துவிட்டான், போகாதே என்று சொன்னவன் நான். இந்த ஒரு வரியை மட்டுமாவது நான் எழுதியபடியே அந்த வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.