குவிந்த ஐந்து விரல்கள்

குவைத்தில் நான் வேலைக்குப் போன வீட்டில் முதல் நாளே திருட்டுப் பட்டம் கிடைத்தது. இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் இறப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள் நான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனேன். இரண்டு நாள் பயணக் களைப்பு, வயிற்றில் ஒன்றுமில்லை. என்ன வேலை செய்யட்டும் என்று சைகையில் கேட்டேன். போனில் பேசிக்கொண்டிருந்த வீட்டம்மா ஐந்து விரல்களையும் குவித்து, மேல்நோக்கிப் பிடித்து, இரண்டு தரம் ஆட்டினார்.

எங்கள் பக்கத்தில் அப்படி விரல் குவித்தால் சாப்பாடுதான். நல்ல மனுசி என்று நினைத்துக் குசினிக்குள் போய், மூடி வைத்திருந்த ரொட்டியில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். பின்னாலேயே வந்தவர் போட்ட சத்தத்தில் மீதி ரொட்டி கையிலேயே நின்றுவிட்டது.

அங்கே சமையலுக்கு இருந்த கேகாலைச் சிங்கள அக்காதான் விளக்கினார்.

"பொட்டக் இன்ன கியலா, நங்கி."

கொஞ்சம் பொறு என்பதாம் அந்தக் கை.

அடுத்த நான்கு வருடமும் அதைத்தான் பார்த்தேன். ஊருக்குப் பேச வேண்டும் என்றால் அந்தக் கை. பல் வலி என்றால் அந்தக் கை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அனுப்புங்கள் என்றபோதும் அதுதான். கெட்டவர் இல்லை. ஐந்து பிள்ளைகள், அவருக்கும் ஓய்வில்லை. நான் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பி ஒரு மாதமிருக்கும். தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மகள் "அம்மா" என்று வந்தாள். யோசிக்காமலே என் கை எழுந்து விரல்கள் குவிந்தன. அவள் உள்ளே போய், தட்டில் சோறும் பருப்பும் போட்டு எடுத்து வந்தாள்.

"பசிக்குதுன்னீங்களே."

பசியே இல்லை. விளக்கிச் சொல்லத் தெம்பும் இல்லை. ஈரக்கையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டேன். பாதியில்தான் நினைவு வந்தது.

"என்னமோ கேக்க வந்தியே?"

"நாளைக்கு ஸ்கூல்ல மீட்டிங். சித்தியையே கூட்டிட்டுப் போறேன். நீங்க அலுப்பா இருக்கீங்க."

"இல்ல, நான் வர்றேன்."

"சரிம்மா" என்றாள். சந்தோஷமா இல்லையா என்று அவள் முகத்தில் பிடிபடவில்லை.

மறுநாள் நான்தான் போனேன். கடைசி வரிசைக் கதிரையில் உட்கார்ந்து, டீச்சர் பேசப் பேசத் தூங்கிவிட்டேன். மகளின் பெயரைக் கூப்பிட்டபோது பக்கத்திலிருந்த பெண் தட்டி எழுப்பினாள்.