ஓட்டு இடுக்கில் வந்த சூரியன்

எங்கள் வீட்டிலிருந்து பதினோரு வருடம் ஒரு விஞ்ஞானப் பத்திரிகை வந்தது. மாதம் ஒன்று, முப்பத்திரண்டு பக்கம். எழுதியது என் வீட்டுக்காரர். அச்சடித்தது சேலத்தில் ஒரு சின்ன அச்சகம். ரேப்பர் சுற்றி, பசை ஒட்டி, விலாசம் எழுதித் தபாலுக்கு அனுப்பியது நான். அது நின்று போய் ரொம்பக் காலம் ஆகிவிட்டது. போன வருடம் பழைய பத்திரிகைகளைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரையில் எங்கள் பத்திரிகைக்கும் அரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். மூத்த மகன் வாசித்துக் காட்டினான். கிரகணத்தைப் பற்றி அவர் எழுதிய ஒரு வரியை எடுத்துப் போட்டு, ஊருக்குச் சொன்னதைத் தன் வீட்டிலேயே செய்து காட்டிய ஆசிரியர் என்று முடித்திருந்தார்கள்.

"ஏம்மா, அது நீதான? உன்னைத்தான கிரகணத்துல வெளிய கூட்டிட்டு வந்து நிக்க வெச்சாரு?" என்றான்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். எனக்கு ஆள் முன்னால் பேச வராது, பெற்ற பிள்ளையாக இருந்தாலும். ஐந்தாவது வரை படித்ததில் எழுத்து மட்டும் கொஞ்சம் வரும். அதனால் எழுதி வைக்கிறேன்.

அவர் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். ஜேடர்பாளையம் போகிற சாலையில் எங்கள் ஊர். அந்தச் சமயம் ஒவ்வொரு கிணறாகக் கரண்ட் மோட்டார் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வருகிறவரைத் தோட்டத்துக்காரர்கள் மறித்து, மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் குழாயில் எதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்பார்களாம். இறங்கி நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி, இதையெல்லாம் ஒரு புத்தகமாகப் போட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. முதல் இதழின் முதல் கேள்வி அதுதான். கேள்வி பதில் பகுதியைத்தான் எல்லோரும் முதலில் படித்தார்கள். பால் ஏன் பொங்குகிறது, ஆனால் தண்ணீர் ஏன் பொங்குவதில்லை என்ற கேள்விக்கு அவர் பதில் எழுதும்போது அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் பால் வைத்த கையோடு விறைத்துப் போய் நின்றேன்.

படம் போட ஆறே ஆறு அச்சு பிளாக்குகள்தான் எங்களிடம் இருந்தன. தவளை, மோட்டார், இருதயம், பூதக்கண்ணாடி, நெல் கதிர், நிலா. எந்தக் கட்டுரை வந்தாலும் இந்த ஆறில் ஒன்றை எங்காவது செருக வேண்டும். பின்னாளில் ரஷ்யாக்காரர்கள் வானத்தில் விட்ட குட்டிக் கோளுக்கும் நிலாதான். ஒரு வாசகர், உங்கள் ரஷ்யக் கோளில் நேற்றுப் பார்த்த முயல் தெரிகிறதே என்று எழுதியிருந்தார்.

இதழ் கட்டுக் கட்டாகச் சேலத்திலிருந்து பஸ் மேலே ஏறி வரும். கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் அடுக்குவோம். அதற்குப் பெயரே காயித ரூம். ஜன்னல் கிடையாது. குச்சிக்கிழங்கு மாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம் கலந்து, அங்கேயே உட்கார்ந்து ஒட்டுவேன். அறுநூறு விலாசமும் என் கையெழுத்து. ஆத்தூர், அயோத்தியாப்பட்டணம், தர்மபுரி, காங்கேயம் என்று மாதாமாதம் எழுதுவேன். கல்யாணமாகி வந்த இரண்டு வருடத்தில் நான் போன இடம் மாட்டுச்சாளை, பின்பக்கக் கிணறு, விசேஷ நாளில் மாமியாரோடு கோயில். நடந்து போகிற தூரத்தில் இருக்கிற காவேரி அணையை ஒரு ஆடிப்பெருக்குக்குப் பார்த்தேன், அதுவும் வண்டிக்குள்ளிருந்து. என் எழுத்து மட்டும் ஊர் ஊராகப் போய் வந்துகொண்டிருந்தது.

தபால்காரர் வருகிற நேரம் அவர் பள்ளியில் இருப்பார். கடிதங்களை நான்தான் வாங்குவேன், படித்துப் பிரித்து வைப்பேன். ஆத்தூரிலிருந்து அரிசி மில் மெக்கானிக் ஒருவர் ஊதாப் பென்சிலில் மாதம் தவறாமல் கார்டு போடுவார். எல்லாம் குத்தலான கேள்வி. எனக்கு அவர் கார்டு பிடிக்கும். அவருக்கு இருந்த வாய் எனக்கு இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

நான் முதல் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்த வருடம் ஆனி மாதத்தில் பெரிய சூரிய கிரகணம் வந்தது. கிரகணம் என்பது நிழல்தான், கர்ப்பிணிகள் தாராளமாக வெளியே நடமாடலாம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் இரண்டு மாதம் முன்னாலேயே எழுதிவிட்டார். உடனே ஆத்தூர்க் கார்டு வந்தது. "ஆசிரியர் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அன்றைக்கு வெளியே விடுவாரா?"

அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்டது அவரை. ஆனால் என்னைப் பற்றித்தானே கேட்டிருந்தது.

கிரகண இதழில் அவர் பதில் வந்தது. "விடுவேன். விஞ்ஞானம் ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இல்லை." கட்டுரையில் எடுத்துப் போட்ட வரி இதுதான். ரேப்பர் ஒட்டும்போது ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று தெரியும், இருந்தாலும் பார்த்தேன்.

"அன்னைக்கு நீ எங்கூட வாசல்ல நிக்கோணும். பயமா இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். பயமில்லை. சூரியனைப் பார்ப்பதுகூட எனக்கு அவ்வளவு பெரிதில்லை. பட்டப் பகலில், ஊர் பார்க்க, வாசலில் அவர் பக்கத்தில் நிற்கப் போகிறேன் என்பதுதான் பெரிதாக இருந்தது. எந்தச் சேலை கட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அன்று காலை விடிந்ததும் மாமியார் தண்ணீர்க் குடத்திலும் மோர்ப் பானையிலும் தர்ப்பை போட்டார். அடுப்பை அணைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "வா புள்ள, உள்ளாற போ" என்றார்.

வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். சூரியனைப் பார்க்கப் புகை ஏற்றிய கண்ணாடித் துண்டு சட்டைப் பையில் இருந்தது. "அம்மா, அவ எங்கூட வாரா. ஒன்னும் ஆகாது. நான் எழுதியிருக்கறன்."

"நீ உம்பட காயிதத்துல ஆயரம் எழுதிக்க சாமி. ஊர் சனம் படிச்சுக்கட்டும். நான் கண்ணுல பாத்தவ."

மாமியார் பார்த்தது எனக்கும் தெரியும். அவருடைய முதல் பிள்ளை உதடு பிளந்து பிறந்தது. பால் உறிஞ்ச முடியாமல் பதினெட்டாம் நாள் போய்விட்டது. வயிற்றில் அந்தப் பிள்ளை இருக்கும்போது ஒரு கிரகணத்தன்று தெரியாமல் கத்தரிக்காய் அரிந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வாழ்நாளில் கத்தரிக்காயைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்ததே கிடையாது.

"அதுக்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமே இல்லீங்கம்மா."

"சம்பந்தம் இல்லைன்னா இல்லாமப் போவட்டும். அந்தப் பையனெ மண்ணுக்குள்ள வெச்சது உம்பட அப்பன் இல்லை, நான். என்னால இன்னொருக்கா முடியாது." அவர் கத்தவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கதவுப் பக்கம் நின்றார், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். என்னைப் பார்க்காமலேயே, "ஒரு மூணு மணி நேரந்தான். இரு" என்றார்.

நான் காயித ரூமுக்குள் போனேன். மாமியார் கதவைச் சாத்தி வெளியிலிருந்து நாதாங்கி போட்டார். இரும்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. "படுக்காத, சொறியாத, ஊசி கீசி தொட்றாத" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்.

இருட்டு. பசை வாசமும் காகித வாசமும். என்னைச் சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குக் கட்டுகள். கூடுதலாக அடித்து, அனுப்பியது போக மீதியிருந்த கிரகண இதழ்தான் அத்தனையும். ஒவ்வொன்றிலும் 'விடுவேன்' என்று அச்சாகியிருந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தேன், வேறு இடமில்லை. வயிற்றில் பிள்ளை புரண்டது. அழுகை வந்தது. அழக்கூடாது என்றும் ஏதாவது சாஸ்திரம் இருக்குமோ என்று அடக்கிக்கொண்டேன்.

கண் பழகிய பிறகுதான் பார்த்தேன். கிழக்குச் சரிவில் ஓட்டுக்கு ஓடு இடுக்கு. அதன் வழியே வந்த வெயில் எதிர்ச் சுவரில் சின்னச் சின்ன வட்டமாக விழுந்திருந்தது. தினமும் விழுவதுதான், நான் கவனித்ததில்லை. அந்த வட்டங்களின் அடியில் ஒரு ஓரம் இல்லை. எல்லா வட்டத்திலும் அதே இடத்தில், அதே அளவு இல்லை. எழுதாத ரேப்பர்த் தாள் ஒன்றை எடுத்துப் பிடித்தேன். என் கையில் சூரியன் விழுந்தது, ஒரு வாய் கடித்த மாதிரி.

கதவில் வாயை வைத்து, "ஏனுங்க" என்றேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் மிக அருகில், "என்ன?" என்றார். வாசலுக்குப் போகவில்லை. கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இங்க தெரியுதுங்க. சூரியன். ஓட்டுச் சந்துல."

"எப்புடி இருக்குது?"

"கடிச்ச பணியாரமாட்ட இருக்குதுங்க."

"கடி மேலயா, கீழயா?"

"கீழங்க."

"அப்ப நெசத்துல மேல. ஓட்டையில வாரது தலைகீழாத் தெரியும். எத்தன தெரியுது?"

"எண்ண முடியலீங்க. செவுரு பூராவும். இப்ப கருக்கருவாளாட்ட ஆயிருச்சு. நீங்களும் பாக்கோணும். கதவெத் தொறங்க."

நாதாங்கி அசையவில்லை.

"ஏனுங்க, ஒரு சந்து போதும்."

"அம்மா நிக்குது" என்றார், ரொம்ப மெதுவாக.

"என்னத்தைடா அங்க பேச்சு? உள்ளாற வெயில் வருதா?" என்று மாமியார் கேட்பது காதில் விழுந்தது. நான் தாளைப் பிடித்தபடியே நின்றேன். அறுவடை நாளில் கீழே போட்ட அரிவாள்கள் மாதிரிச் சுவர் முழுக்க மினுமினுத்தது. வயிற்றின் மேலும் ஒன்று விழுந்திருந்தது. அதை நகர்த்த நான் முயலவில்லை. ஊரெல்லாம் கிரகணத்துக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தது. அவரோ பையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அடுத்த இதழில் ஒரு பக்கம் எழுதினார். தலைப்பு, 'ஓட்டு இடுக்கில் தெரிந்த சூரியன்: எங்கள் வீட்டில் கண்டது.' கடித்த பணியாரம், கருக்கரிவாள் எல்லாம் இருந்தது. என் வார்த்தையை அப்படியே போட்டிருந்தார். கதவு மட்டும் இல்லை. படத்துக்கு அந்த நிலாவையே போட்டிருந்தார்கள்.

ஆத்தூர்க் கார்டு வந்தது. முதல் தடவையாகக் குத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். "சொன்னபடி வீட்டில் செய்து காட்டிய ஆசிரியருக்கு என் வணக்கம்." அது மேஜை மேல் ஒரு வாரம் கிடந்தது. அவர் அதை எடுப்பார், வைப்பார். கடைசியில் அச்சுக்குக் கொடுத்தார். கீழே 'நன்றி' என்று ஒரே ஒரு வார்த்தை.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அந்த மாதம் ஆத்தூர் ரேப்பரை எடுத்தபோது கை நின்றது. தாளைத் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தில், "நான் வெளியே வரவில்லை. உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஓட்டு இடுக்கில்தான் பார்த்தேன்" என்று எழுதினேன். சுற்றினேன். பசை தடவி அழுத்தினேன். யார் ரேப்பரைத் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

ஐப்பசியில் பிள்ளை பிறந்தது. மாமியார்தான் முதலில் கையில் வாங்கினார். ஈரம்கூடத் துடைக்கவில்லை, விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி உதட்டை விரலால் தடவிப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. பிறகு உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் பிள்ளையை நீட்டி, "பாரு சாமி, ஒதடு எப்புடி இருக்குதுன்னு. அடைச்சு வெச்சதுனாலதான். இப்ப எழுது உம்பட காயிதத்துல" என்றார்.

அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கவில்லை.

அதனால் நான் திறந்தேன். மாமியாரிடம் நான் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். "உள்ளயும் வெயில் பட்டுச்சுங்க அத்தை. வயித்து மேலயே விழுந்துச்சு."

மாமியார் என்னைப் பார்த்தார். "தெரியும் புள்ள. நீ கதவுகிட்ட பேசுனது என் காதுல உழுகலையா? நாலு மாசமா நான் ஒரு நாள் தூங்குனதில்லை. அதனாலதான் மக்யா நாளு விடிஞ்சதுமே ஆள உட்டு ஓட்டெ மாத்துனன். அதுல தப்புச்சுது."

எந்தப் பக்கம் போனாலும் கதவு அங்கே வந்து நின்றது. பிறகு தனியாக இருக்கும்போது வீட்டுக்காரர், "ஒரு சோதனையின்னா ரெண்டு பக்கமும் செஞ்சு பாக்கோணும். நாம ஒரு பக்கந்தான் செஞ்சிருக்கறோம்" என்றார். பத்திரிகை அதற்கப்புறம் பல வருடம் நடந்தது. அவர் கண் மங்கி, காகிதமும் கிடைக்காமல் போன பிறகுதான் நிறுத்தினார். அத்தனை வருடத்தில் கிரகணத்தைப் பற்றி மறுபடி ஒரு வரி எழுதவில்லை.

பிள்ளைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஆத்தூரிலிருந்து கார்டு ஒன்று வந்தது. விலாசம் அதே அரிசி மில்தான். ஆனால் ஊதாப் பென்சில் இல்லை. என் எழுத்து மாதிரியே உருட்டி உருட்டி, கோடு போட்டு எழுதின எழுத்து. பெயர் போடவில்லை. "அறைக்குள்ளே இருந்து பார்க்க ஓட்டில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்க வேண்டும்?"

"ஏதோ பள்ளிக்கூடத்துப் பையனாட்ட இருக்குது" என்றார் அவர். ரேப்பரைத் திருப்பிப் பார்த்த ஒருத்தி அந்த மெக்கானிக் வீட்டில் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. நல்ல கேள்வி என்று அடுத்த இதழிலேயே பதில் போட்டார். ஒரு மிளகு அளவு போதும், சின்னதாக இருக்க இருக்கத் தெளிவாகத் தெரியும், எதிரில் வெள்ளைத் தாள் பிடிக்கவும் என்று.

அந்த இதழுக்கு ரேப்பர் ஒட்ட உட்கார்ந்தேன். ஓடு மாற்றிய பிறகு காயித ரூமில் நடுப்பகலில்கூட எழுத்து தெரிவதில்லை. இதழ்க் கட்டையும் பசையையும் நகர்த்திக்கொண்டு நிலைப்படிக்கு வந்து, கூடத்து வெளிச்சத்தில் தாளை வைத்து ஆத்தூர் விலாசத்தை எழுதினேன்.