பூசையில் வைத்த ரிவால்வர்கள்

சரசுவதி படத்தின் முன், வீணைக்கும் என் பதிகப் புத்தகங்களுக்கும் நடுவே, சந்தனப் பொட்டிட்ட மரப்பெட்டி ஒன்று திறந்திருந்தது. அதனுள் நீண்ட குழலும் வால்நட் மரப்பிடியும் கொண்ட ஒரு ரிவால்வர். டெக்சாஸ் மாநிலத்துப் பேர்லேண்டில் என் சம்பந்தி வீட்டில் நான் முதன்முதலாகக் கண்ட ஆயுத பூசை அது, தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

என் மகனுக்குத் தம் மகளைத் தந்த அவர் கண் மருத்துவர். காகித வட்டங்களைக் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே முற்காலத்தில் செய்த ரிவால்வர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பெட்டியோடு வந்த சிறு திருப்புளிகூடத் தொலைந்திருக்கக் கூடாது அவருக்கு. எஃகின் பழைய நீலப்பூச்சு ஈரம் பட்டால் கெடும் என்பதால் சந்தனத்தை மரத்தில் மட்டுமே இடுவார். ஒவ்வொன்றையும் குழல்நுனி தொடங்கிப் பிடிவரை அவர் வருணிக்கக் கேட்கையில், இறைவனைத் திருவடி தொடங்கித் திருமுடிவரை பாடிய அடியார்கள் என் நினைவில் எழுவார்கள். ஆயினும், வீட்டுக்குள் ஆயுதம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீங்க தினமும் பாடுற சுவாமி கையில மழு இருக்கு, சூலம் இருக்கு. அவருக்கு லைசென்ஸ் யார் குடுத்தா, சம்பந்தி?" என்று சிரித்தார்.

பூசையில் வைத்ததை விஜயதசமிக் காலையில் எடுத்துத் தொழிலைத் தொடங்குவது நம் வழக்கமல்லவா? நான் ஒரு பதிகம் பாடுவேன். சம்பந்தியம்மாள் வீணை மீட்டுவார். சம்பந்தி ரிவால்வரோடு சுடுகளத்துக்குக் காரோட்டிச் சென்று ஒரே ஒரு குண்டு சுட்டுவிட்டுத் திரும்புவார்.

பேரன் பிறந்த ஆண்டு, ரிச்சர்ட்சன் நகரிலிருந்து என் மருமகள் தொலைபேசியில் தன் தந்தையிடம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, ஐ ஆம் சீரியஸ். கன்ஸ் இருக்கற வீட்டுக்கு பேபி வராது."

"லாக் பண்ணித்தானம்மா வச்சிருக்கேன்."

"நோ, அப்பா."

நவராத்திரி முழுவதும் அவள் வரவில்லை. அவ்வாண்டு ஆயுத பூசையில், வழக்கமான ஒரு பெட்டிக்குப் பதிலாக எல்லாப் பெட்டிகளையும் அவர் கொண்டுவந்து அடுக்கினார்.

மறுநாள் காலை, அவருடைய சுடுகளத்துத் தோழரான முதிய டெக்சாஸ்காரர் ஒருவர் வந்தார். செருப்பில்லாத காலுறைகளோடு, தொப்பியைக் கையில் பிடித்தபடி பூசையறை வாயிலில் நின்றார். நான் பாடி முடித்தேன், வீணையும் ஓய்ந்தது. சம்பந்தி கைகட்டி நின்றார்.

"ஏன் நிக்கறீங்க? எடுங்க" என்றார் சம்பந்தியம்மாள்.

"நான் எடுத்தா மறுபடியும் என்னோடதாயிடும். இனிமே சுடப்போறவர் எடுக்கட்டும்."

தோழரை உள்ளே அழைத்தார். எந்தக் கையால் எடுக்க வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் தணிந்த குரலில் வினவியது இன்றும் என் செவியில் இருக்கிறது. "ரைட் ஹேண்ட்" என்றார் சம்பந்தி. பிரசாதம் பெறுபவரைப் போல ஒவ்வொரு பெட்டியாகத் தோழர் எடுத்துச் சென்றார். கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டுச் சம்பந்தி தொலைபேசியை எடுத்தார்.

"வீடு காலியாயிடுச்சும்மா. கிளம்பி வா."

அந்தப் பேரன் இப்போது என்னைவிட உயரம். கோயிலுக்கு என்னைக் காரில் அழைத்துச் செல்பவன் அவன்தான். சம்பந்தி மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அந்த விஜயதசமி மாலையே குழந்தையோடு வந்து வாசலில் நின்று, "ஆர் யூ ஓகே, அப்பா?" என்று கேட்டாள் மகள். அவர் அறுவைச் சிகிச்சைக்குப் போகுமுன் கழுவுவதுபோல் முழங்கைவரை கழுவிவந்து குழந்தையை வாங்கினார். அது அவருடைய வலக்கை ஆட்காட்டி விரலை இறுகப் பற்றியது. சாப்பிட வரும்படி சம்பந்தியம்மாள் இருமுறை அழைத்தும் அசையவில்லை.

"இரு, இவன் விடமாட்டேங்கறான்."