சவுக்குச் சருகில் ஏறிய ஈயம்

எண்ணூர்ச் சவுக்குத் தோப்பில் வியாகுலம்மாளின் துடைப்பத்துக்குத் தப்பிய சருகு கிடையாது. ஊசி ஊசியாக உதிர்வதை வாரிக் கூடையில் அமுக்கி, அடுப்பெரிக்கத் திருவொற்றியூர் இட்லிக் கடைகளுக்குச் சுமந்துபோவாள். புருஷன் துறைமுகத்தில் செத்த பிறகு அவள் வயிறு நிறைந்தது அந்தச் சருகால்தான்.

1972-இல் அமீருதீன் என்ற ஆராய்ச்சி மாணவன் வந்து, சருகு நிரப்பிய பன்னிரண்டு வலைப் பைகளை மரத்தடியில் முளையடித்துக் கட்டினான். பக்கத்தில் பழைய பேட்டரி உருக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அந்தப் புகையில் வரும் ஈயம், சருகு மக்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

“குப்பைக்கு இன்னாத்துக்கு நைனா முளை?” என்று சிரித்தாள்.

“ஒரு வருஷம் இது இப்படியே கிடக்கணும்மா. பை போச்சுன்னா என் படிப்பே போச்சு.”

“நான் கீறேன். நீ போ.”

சொல்லிவிட்டாள், அதற்காக அவள் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! ஆடு மேய்ப்பவர்களோடு தினம் சண்டை. கூடச் சருகு வாரும் பச்சையம்மா ஒரு பையை அவிழ்த்துக்கொண்டு போக, வீடு வரை துரத்திப் பிடுங்கி வந்தாள். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் நின்று, சாய்ந்த முளைகளைத் திரும்ப அடித்தாள். அந்த வைராக்கியம் படித்தவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

வருஷம் முடிந்தது. பன்னிரண்டு பையும் அப்படியே கிடைத்தன. எடுத்துப்போன அமீருதீன், ஒரு மாதம் கழித்துத் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான்.

“மூஞ்சி ஏன் தொங்குது? சொல்லித் தொலை.”

“சருகு பாதிக்கு மேல கரைஞ்சு போச்சும்மா. ஈயம் போகலை. புகையிலிருந்து இன்னும் வந்து சேர்ந்துட்டே இருந்திருக்கு. ஒரு பிடி சருகுல முன்னைக்கு இப்போ மூணு மடங்கு. எரிச்சா புகையிலயும் சாம்பல்லயும் அந்த விஷம்தான்.”

வியாகுலம்மாள் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். “என் பொழப்புல மண்ணைப் போடத்தான் ஒரு வருஷம் காவல் காத்தேனா?”

அவன் கண் கலங்கிவிட்டான். “இங்க யார்கிட்டயும் நான் சொல்லலைம்மா.”

அவள் எழுந்து, வெறுங்கையோடு திருவொற்றியூருக்கு நடந்தாள். முதலில் பட்டம்மாள் இட்லிக் கடை.

“பட்டு, இனிமே என் சருகை வாங்காதே. அந்தத் தோப்புச் சருகு யார் கொண்டாந்தாலும் வாங்காதே. அதுல விசம் கீது.”

விவரம் கேட்ட பட்டம்மாள் பதறினாள். “ஐயோ, அப்போ நீ இன்னாக்கா பண்ணுவே?”

“என் கதை கெடக்கட்டும். உன் புள்ளைங்க அந்த அடுப்பாண்டதானே தூங்குதுங்க?” என்றாள் வியாகுலம்மாள்.