சின்ன முதலாளியின் டோக்கன்

டோக்கனை வாங்கியதும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, தன் எண்ணைக் கூப்பிட எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த இலவச மருத்துவமனையைக் கட்டியவர் அவருடைய அப்பா, நடத்துகிறவர் இவர். எந்தக் கிழமை வருவார் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் செவ்வாய் மட்டும்தான்.

வயது அறுபத்திரண்டு. மூன்று பம்பு தொழிற்சாலைகளுக்குச் சொந்தக்காரர். இருந்தும் எல்லோருக்கும் "சின்ன முதலாளி"தான். அப்பா தொண்ணூற்று மூன்று வயதுவரை பெரிய முதலாளியாகவே இருந்துவிட்டுப் போனதால், இவருக்குப் பெரியவராக நேரமே கிடைக்கவில்லை. "தொழிற்சாலையை அவங்களே ஓட்டிக்கிறாங்க. நான் போனா எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. வேலைதான் கெடுது" என்பார். சிரிப்பதற்காகச் சொல்வதில்லை.

பள்ளிக்கூடங்களுக்கு வகுப்பறைகள், முதியோர் இல்லத்துக்குக் கட்டில்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். "கொடுக்கிறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. கொடுத்தது போய்ச் சேந்துச்சான்னு பாக்கிறதுதான் முதுகை ஒடிக்குது." அதனால் கட்டிலில் படுத்துப் பார்ப்பார். பள்ளிக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்ப்பார். மாலையோடு வந்த தலைமையாசிரியர் வெளியே காத்து நிற்பார். சுவரில் பெயர் பொறிக்கலாமா என்று கேட்டால், களைத்துப்போன குரலில், "ம்… முதல்ல குழாயில தண்ணி வரட்டும்" என்பார்.

மருத்துவமனைக்குச் செவ்வாய்தோறும் எட்டு மணிக்கே வந்துவிடுவார். முதல் பத்துக்குள் எண் கிடைக்கும், எட்டரைக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். திருப்தியோடு கிளம்புவார். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: டாக்டர் நேரத்துக்கு வருவதே செவ்வாயன்றுதான். மற்ற நாட்களில் பதினொரு மணி, ஒரு மணி. சில நாள் வரவே மாட்டார். அது தெரிந்த நோயாளிகள் செவ்வாயன்று முண்டியடித்தார்கள். டோக்கன் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் தெரியும். ஆறு வருடமாக யாரும் வாய் திறக்கவில்லை.

போன மாதம், தொழிற்சாலைக் கூட்டம் ஒன்று செவ்வாயில் விழுந்துவிட்டதால், யாரிடமும் சொல்லாமல் வியாழனன்று வந்தார். எண் ஒன்பது. ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று. டாக்டர் அறை பூட்டியே இருந்தது. பக்கத்தில் ஒரு தையற்காரம்மாவும் பெயிண்டரான அவருடைய கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவருக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் புண். முந்தைய வியாழனும் சனியும் டாக்டர் வரவில்லை. செவ்வாயன்று நோயாளிகள் நெரிசலில் இவர்கள் எண் வருவதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். இன்னும் நாலு நாள் இப்படியே விட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று கட்டுப்போடும் நர்ஸ் சொல்லியிருந்தார்.

"கவலப்படாதீங்கம்மா. இன்னிக்கு என்னமோ லேட்டு. எப்பவும் அரைமணி நேரத்துல கூப்பிட்டுருவாங்க" என்றார் சின்ன முதலாளி.

"உங்களைக் கூப்பிடுவாங்க சார். நாங்க போன வாரத்துலருந்து உக்காந்திருக்கோம்."

"டாக்டர் தினம் வர்றாரு இல்ல?"

"நீங்க வந்தா வருவாரு. உங்க மூஞ்சியப் பாக்கத்தான் அவரு வர்றாரு. இவரு காலைப் பாக்கவா?"

"ஏய், சும்மா இரு. யார்கிட்ட பேசுறேன்னு தெரியுமா?" என்றார் கணவர்.

"தெரிஞ்சுதான் பேசுறேன். கால் போனா ஏணில நானா ஏறப்போறேன்?"

சின்ன முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

"அந்த டாக்டரை மாத்துங்களேன் சார்" என்றார் அந்த அம்மா, குரலைத் தணித்துக்கொண்டு.

"இவரு மூணாவது ஆளும்மா. முன்னாடி ரெண்டு பேரை, நேரத்துக்கு வரலைன்னு நானே வேலையை விட்டு அனுப்பினேன்." கண்களை மூடித் திறந்தார். "ஆறு வருஷம்… நான் என்னத்தைப் பாத்தேன்?"

பெயிண்டரின் கால் தொங்கித் தொங்கி வீங்கியிருந்தது. வலியில் அவர் பல்லைக் கடிப்பதைப் பார்த்த சின்ன முதலாளி, கடிகாரத்தை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, "இங்க நீட்டுங்க" என்று தன் மடியைத் தட்டிக் காட்டினார். "ஐயோ, வேணாம் சார்" என்று அவர் கூசினார். "நீட்டுங்கய்யா, வேற எங்க வைப்பீங்க?" கட்டுத்துணியில் ஊறியிருந்த ஈரம் சின்ன முதலாளியின் வெளிர்நிறக் கால்சட்டையில் படர்ந்தது.

யாரோ போன் செய்திருக்க வேண்டும். பதினொன்றுக்கு டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், நீங்க போய் இங்க… வாங்க, உள்ள உக்காந்து பேசலாம்."

"எந்திரிக்க முடியாது டாக்டர். கால் வச்சிருக்காரு."

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். காலி நாற்காலி எதுவும் இல்லை. தரையில் மண்டியிட்டுக் கட்டைப் பிரிக்கத் தொடங்கினார். வாடை எழுந்தது, முன் பெஞ்சில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சின்ன முதலாளி இரண்டு உள்ளங்கைகளையும் கணுக்காலுக்கு அடியில் கொடுத்து, டாக்டரின் கண்ணுக்கு நேராக அந்தக் காலை உயர்த்திப் பிடித்தார்.