‘சின்சியர்லி’யை எங்கே வைப்பது

பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் இடத்தில் பஸ் நின்றபோது, முன் இருக்கைக்காரர் போனில், “மழ பேஞ்சாலும் கண்டிப்பா வந்துடுறேன் மச்சான்” என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த தேவநாதனின் உதடுகள் அதை ஆங்கிலமாக்கி அசைந்தன. ‘ஈவன் இஃப்’ முன்னால் வரும். ‘டெஃபனட்லி’? துணைவாக்கியத்தில் சேர்த்தால் மழைதான் உறுதியாகும். இவர் வருவது உறுதியாக வேண்டுமென்றால் முதன்மை வாக்கியத்தில் வைக்க வேண்டும். வைத்துப் பார்த்துத் திருப்தியாவதற்குள் சிதம்பரம் வந்துவிட்டது.

கடலூரிலிருந்து இருபத்தோரு வருடங்களாக இப்படித்தான் வருகிறார். தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஐம்பத்தாறு வயது. கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றமாட்டார். கல்யாணப் பத்திரிகை வந்தால் ஆங்கிலப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். அதில் பிழை இருந்தால் பந்தியில் உட்காரும்போதும் முகம் தெளியாது. வகுப்பில் அவருடைய வசனம் ஒன்று பிரசித்தம்: “ஆல்தோ போட்டாச்சில்ல, அப்பறம் பட் எதுக்குடா? ஒரு பந்தல்ல ரெண்டு மாப்பிள்ளையா?” பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

பள்ளியின் ஆங்கிலக் கடிதங்கள் அவர் கைபட்டுத்தான் வெளியே போகும். போன பிப்ரவரியில் தாளாளர் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். தமிழாசிரியை மாலதிக்கு அடுத்த ஆண்டு வேலை இல்லை என்று சொல்லும் கடிதம்.

“ரொம்ப வெடுக்குனு இருக்கு சார். கொஞ்சம் நைசா மாத்திக் குடுங்க. அவுங்க மனசு நோவக் கூடாது பாருங்க.”

முடியாது என்று சொல்ல நினைத்தார். அதற்குள் கண் வாக்கியத்தில் விழுந்துவிட்டது. ‘பதினான்கு ஆண்டுகள் உழைத்திருந்தாலும்’ என்று முன்னால் ஒரு துணைவாக்கியத்தைக் கட்டி, ‘சின்சியர்லி’யை அதற்குள் பொருத்தினார். வேலை இல்லை என்ற விஷயம் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. படித்துப் பார்த்தார். அழகாக இருந்தது. இன்னொரு முறை படிக்காமல் தாளாளரிடம் நீட்டினார்.

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் அவர் தனியாக இருந்தபோது மாலதி கடிதத்தோடு வந்தார்.

“இங்கிலீஷ்ல குடுத்திருக்காங்க சார். முழுசாப் புரியல. சின்சியர்லின்னு இருக்கே, பாராட்டித்தான எழுதியிருக்காங்க?”

“அது முன்பாதி டீச்சர். அதப் படிச்சி ஏமாந்துடாதீங்க. பின்னாடி வர்றதுதான் சேதி.”

“என்ன சேதி?”

சொன்னார். மாலதி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். “எங்க பொண்ணு வெண்மதி அடுத்த மாசம் பிளஸ் டூ பரீட்சை எழுதறா சார்” என்றார், அதற்கும் கடிதத்துக்கும் சம்பந்தம் இருப்பதுபோல. பிறகு காகிதத்தைத் திரும்பப் பார்த்தார்.

“நம்ம ஸ்கூல்ல இப்பிடி எழுதறவரு நீங்க ஒருத்தர்தான சார்?”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருக்கலாம்.

“நான் திருத்த மட்டும்தான் செஞ்சேன்.”

“மொதல்ல எப்பிடி இருந்துச்சி?”

“வேலை இல்லன்னு நேரா இருந்துச்சி.”

“அப்பிடியே விட்டிருக்கலாமே சார். யார்கிட்டயும் வந்து கேக்காம எனக்கே புரிஞ்சிருக்கும்.”

மாலதி கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டார். சுவருக்கு அப்பாலிருந்து அவர் செய்யுள் சொல்லித்தருவது கேட்டது. தேவநாதன் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மார்ச் கடைசியில் எழுத்தர் அறிவழகன் அதேபோல் இன்னொரு கடிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“தாளாளர் சாயங்காலத்துக்குள்ள கேட்டாரு சார்.”

யாருக்கு என்று கேட்க வாயெடுத்த தேவநாதன், கேட்காமலே காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, ‘சின்சியர்லி’யை எங்கே வைப்பது என்று பார்த்தபடி பேனா மூடியைக் கழற்றினார்.