மூண்டு, ரெண்டு, ஒண்டு

என் மகள் கூடைப்பந்தை விட்டுப் பல வருடங்களாகிவிட்டன. நான் இன்னும் விடவில்லை. இத்தனைக்கும் நான் ஒரு நாளும் பந்தைத் தொட்டு விளையாடியவள் அல்ல.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவளுடைய அணியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெற்றோரில் ஒருவர் மேசையில் இருந்து புள்ளி பதிய வேண்டும். மற்றப் பெற்றோர் அந்த மேசையைக் கண்டதும் கோப்பி வாங்கப் போய்விடுவார்கள். மெல்பேர்ன் குளிரில் வெளியே நின்று கோப்பி குடிப்பதைவிட உள்ளே கதிரையில் இருப்பது எனக்கு நல்லதாகப் பட்டது. பிறகு ஒரு வகுப்புக்கு வரச் சொன்னார்கள், போனேன். பரீட்சை வைத்தார்கள், எழுதினேன். பரீட்சை என்று சொன்னால் எங்கள் ஆட்களால் சும்மா இருக்க முடியாது. மகள் ஒருநாள் "இட்ஸ் ஸோ போரிங், அம்மா" என்று சப்பாத்தைக் கழற்றிப் போட்டபோது, நான் அடுத்த பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வார நாட்களில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தொழில்முறைப் பெண்கள் லீக் நடக்கும் மாதங்களில், வார இறுதிகளில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்து நீள மேசையில் இருப்பேன். என் பொறுப்பு ஷொட் குளொக். பந்து ஓர் அணியின் கைக்கு வந்தால் இருபத்துநான்கு விநாடிக்குள் அவர்கள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். இல்லையென்றால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். அந்த விநாடிகள் இரண்டு வளையங்களுக்கும் மேலே சிவப்பு வெளிச்சத்தில் இறங்கிக்கொண்டே வரும். அதை ஓடவிடுவதும் நிறுத்துவதும் என் விரல். நான் சரியாக வேலை செய்தால் நான் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

நான் சொல்லப்போவது ஓர் அரையிறுதி. மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவர் இறுதிக்குப் போவார். எங்கள் நகர அணி ஒன்றை வென்றிருந்தது. நாட்டின் மறுகரையிலிருந்து விமானம் ஏறி வந்த அணியும் ஒன்றை வென்றிருந்தது. மூன்றாவது ஆட்டம் ஒரு ஞாயிறு மத்தியானம், எங்கள் பக்கத்து அரங்கில். மேசையில் இருப்பவர்களுக்குக் குடும்பத்துக்கென்று சில இலவச டிக்கெட் கிடைக்கும். என் கணவரும் மகளும் வந்தார்கள். கணவரின் அக்காவான என் மச்சாளும், சிட்னியில் ஹோம்புஷிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து நின்ற அவர்களுடைய சித்தப்பாவும் வந்தார்கள். சித்தப்பா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்தவர். விளையாட்டுப் போட்டி அன்று ஒலிபெருக்கி பழுதானால் அவரைத்தான் மேடையில் ஏற்றுவார்களாம்.

காரில் வரும்போது கேட்டார்.

"பிள்ளை, இது வலைப்பந்தோ?"

"இல்லை சித்தப்பா, கூடைப்பந்து. இதில பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம்."

"ஓடி?"

"வளையத்துக்குள்ள போடவேணும்."

"சரி. நாங்கள் எந்தப் பக்கம்?"

"நான் ஒரு பக்கமும் இல்லை. நான் அதிகாரி."

"நீர் இல்லாட்டி என்ன, நான் இருக்கிறன்" என்றார் சித்தப்பா.

முதல் பாதி ஒழுங்காகப் போனது. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு வளையங்களுக்கும் மேலே எண்பத்தெட்டு என்று விழுந்தது. நான் அழுத்தினேன். எண்பத்தெட்டு. அணைத்துப் போட்டேன். எண்பத்தெட்டு. ஆட்டத்தின் மொத்த நேரத்தைக் காட்டும் பெரிய மணிக்கூடு நன்றாகத்தான் ஓடியது. என்னுடையது மட்டும் அசையவில்லை. ஒருவர் ஏணியோடு ஓடி வந்தார். மேலே ஏறி அதைத் தட்டினார், பிறகு அன்பாகத் தடவினார். மாற்றுக் கருவியைக் கொண்டுவந்தார்கள். அதன் வயர் இந்தச் சுவரின் துளைக்குப் பொருந்தவில்லை.

இப்படி நடந்தால் என்ன செய்வது என்று விதி இருக்கிறது. மேசையில் ஒருவர் ஸ்டொப்வோச் பிடிக்க வேண்டும். பத்து விநாடி மீதமிருக்கும்போது ஒருமுறை சொல்ல வேண்டும். பிறகு கடைசி ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். தலைமை நடுவர் உயரமான, சிரிக்காத பெண். அவர் மேசையில் இருந்த மைக்கை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

கடையில் என் குரலை மூன்றடிக்கு அப்பால் யாரும் கேட்டதில்லை. இப்போது அது கூரையிலிருந்து விழுந்தது. நான் ஆங்கிலத்தில் பத்து என்றேன். ஐந்து, நான்கு என்று இறங்கினேன். இரண்டு மூன்று தடவை எல்லாம் சரியாக நடந்தது.

அதற்குள் அரங்கம் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டது. வெளியூர் அணியின் கையில் பந்து இருந்தபோது, என் ஸ்டொப்வோச்சில் இன்னும் பதினான்கு விநாடி இருக்க, எங்கள் ஊர்ச் சனம் முழுவதும் எழும்பி நின்று "த்ரீ, டூ, வன்" என்று கத்தியது. பந்து வைத்திருந்த பிள்ளை பதறிப்போய் அரைவாசி மைதானத்திலிருந்து எறிந்தாள். பந்து பானம் விற்கிறவரின் தட்டில் போய் விழுந்தது. சனம் சந்தோஷத்தில் குதித்தது. அடுத்த தடவையும் அதையே செய்தார்கள். மைக் என் கையில் இருந்தும் பயனில்லை. ஆயிரம் தொண்டையும் ஒரே மொழியில் பொய் சொல்லும்போது உண்மை சொல்கிற ஒரு குரலை எப்படிப் பிரித்தெடுப்பது?

மூன்றாவது தடவை இரைச்சலில் என் காதுக்குள்ளேயே அவர்களுடைய எண்ணிக்கை புகுந்துவிட்டது. என் எண் எது, அவர்களுடைய எண் எது என்று எனக்கே குழம்பியது. ஸ்டொப்வோச்சை மட்டும் பார்த்தேன். வாய் தன்பாட்டில் திறந்தது.

"ஐஞ்சு. நாலு. மூண்டு. ரெண்டு..."

அரங்கம் ஒரு கணம் அடங்கியது. வெளியூர் அணியின் மிக உயரமான பெண் தலையைத் திருப்பி மேசையைப் பார்த்தாள். சனத்தின் வாயிலிருந்து வராதது ஏதோ ஒன்று வந்தால் அதுதான் உண்மை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. நிதானமாகத் துள்ளிப் போட்டாள். பந்து உள்ளே போனது.

விசில் கேட்டது. நடுவர் மேசைக்கு வந்தார்.

"என்ன சொன்னீர்கள்?"

"ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு" என்றேன் ஆங்கிலத்தில்.

"இல்லை, நீங்கள் அப்படிச் சொல்லவில்லை."

மன்னிப்புக் கேட்டேன், இனி ஆங்கிலத்திலேயே சொல்கிறேன் என்றேன். அதற்குள் வெளியூர் அணியின் பயிற்றுநர் அம்மா ஓடி வந்துவிட்டார். "வேண்டாம், வேண்டாம். அதையே சொல்லட்டும். இந்தக் கட்டடத்திலேயே எனக்கு விளங்கிய ஒரே விஷயம் அதுதான்" என்றார். எங்கள் பயிற்றுநரும் ஓடி வந்தார். இது கூடைப்பந்து, மொழி வகுப்பு இல்லை என்றார். நடுவர் இருவரையும் கையால் நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"என்ன மொழி?"

"தமிழ்."

"எத்தனை சொல் தேவை?"

"ஆறு."

"இந்த அரங்கில் வேறு யாருக்கு அது தெரியும்?"

நான் அண்ணாந்து பார்த்தேன். என் கண்ணுக்கு எட்டியவரை எங்கள் குடும்பம் மட்டும்தான். "நாலு பேர். என் வீட்டு ஆட்கள்."

"நம்பலாமா?"

"மூன்று பேரை நம்பலாம்" என்றேன்.

அவர் அதைப் பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். சத்தியமாக நான் பகிடி விடவில்லை.

தீர்ப்பு வந்தது. இரண்டு அணிக்கும் சமமாகத் தெரியாத மொழி என்பதால் மீதி ஆட்டத்துக்குத் தமிழில் எண்ணலாம், அதற்குமுன் இரு அணிக்கும் ஒரு நிமிடம் கற்பிக்க வேண்டும். பத்து வீராங்கனைகள் மேசையைச் சுற்றி வியர்வையோடு குனிந்து நின்றார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த என் சொந்த மருமக்கள்கூட ஒருநாளும் இவ்வளவு கவனமாக என் வாயைப் பார்த்ததில்லை. உயரமான பெண் ஒரே தடவையில் "மூண்டு" என்றாள், யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் மாதிரி. எங்கள் அணித் தலைவிக்கு அது "மூன் டூ" என்று வந்தது. பேனா வாங்கி மணிக்கட்டில் எழுதிக்கொண்டாள்.

"கடைசி மூன்றும் ஒரே மாதிரிக் கேட்கிறதே?" என்று கேட்டாள்.

மூண்டு, ரெண்டு, ஒண்டு. என் வாழ்நாளில் அன்றுதான் அதைக் கவனித்தேன். "முன்பாதியைக் கேளுங்கள்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஆட்டம் தொடர்ந்தது. எனக்கும் குரல் பழகிவிட்டது. "பத்து" என்று சொன்னால் பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் வேகம் பிடித்தார்கள். பக்கத்தில் புள்ளி பதிகிறவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தொலைக்காட்சியில் வர்ணனை செய்கிறவர்கள் நான் எந்த நாடு என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்களாம். அவர்கள் மூன்று நாடுகளைச் சொன்னதாகவும் ஒன்றும் சரியில்லை என்றும் பிறகு மகள் சொன்னாள். முன்வரிசைப் பிள்ளைகள் என்னோடு சேர்ந்து "ஒண்டு" என்று கத்தத் தொடங்கினார்கள். ஆனால் அது என்னோடு சேர்ந்து கத்துவது, பொய் இல்லை. கடைசிக் கால்பகுதியில் ஒரு புள்ளி இங்கும் ஒரு புள்ளி அங்குமாக ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. பந்து வெளியூர் அணியிடம் இருந்தது. நான் இன்னும் பத்தே சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்து, மைக் ஏதுமில்லாமல், என் மைக்கைவிடத் தெளிவாக ஒரு குரல் வந்தது.

"மூண்டு! ரெண்டு! ஒண்டு!"

என் சிறந்த மாணவியான அந்த உயரமான பெண் துடித்துப்போய் எறிந்தாள். பந்து பலகையிலும் படவில்லை.

விசில். நடுவர் நேராக என்னிடம் வந்தார். "யார் அது?"

நான் மேலே பார்த்தேன். என் கணவர் கூரையின் வளைவுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். மச்சாள் கைப்பைக்குள் எதையோ தேடினாள். சித்தப்பா மட்டும் எழும்பி நின்றபடியே இருந்தார், பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிடப்பட்டவர் மாதிரி. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவருக்கு எதிராக நான் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் நான் போட்டிருந்தது கறுப்புச் சட்டை. கையை நீட்டிக் காட்டினேன்.

"பிள்ளை, நானே?" என்று அவர் அங்கிருந்து கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

மைக் திறந்திருந்ததை மறந்து நான் சொன்னேன். "ஓம் சித்தப்பா. வெளியில போங்கோ."

இரண்டு பாதுகாவலர்கள் மரியாதையாக அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். சனம் எழும்பிக் கைதட்டியது. அவர் இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு போனார்.

பந்தை வெளியூர் அணிக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் போட்டு ஒரு புள்ளியால் முந்தினார்கள். பெரிய மணிக்கூட்டில் அரை நிமிடம் மட்டும் இருந்தது. பந்து எங்கள் தலைவியிடம் வந்தது. அவள் தட்டிக்கொண்டே இடம் பார்த்தாள், வழி கிடைக்கவில்லை. நான் "பத்து" என்றேன். "ஐஞ்சு" என்றேன். "நாலு." அரங்கின் இரைச்சலில் என் குரலே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"மூண்டு."

அவளுக்கு அந்த இரைச்சலில் பின்பாதி மட்டும்தான் கேட்டிருக்கிறது. அது ஒண்டு என்று முடிவுகட்டி, நேரம் போய்விட்டதென்று, நின்ற இடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரிந்த, அழகாகத் தமிழ் படித்திருந்த எதிரணிப் பிள்ளைகள் ஒருவரும் அவளை மறிக்கக் கை தூக்கவில்லை. பந்து பலகையில் இடித்து, வளையத்தில் இரண்டு தரம் நடந்து, உள்ளே விழுந்தது.

மிச்ச விநாடிகளில் வெளியூர் அணி தூரத்திலிருந்து எறிந்த பந்து வெளியே போனது. எங்கள் ஊர் அணி இறுதிக்குப் போனது. நான் சென்னையில் பிறந்து மூணு, ரெண்டு, ஒண்ணு என்று சொல்கிறவளாக இருந்திருந்தால் யார் போயிருப்பார்களோ தெரியாது. இதைப் பிறகு கடையில் என்னோடு வேலை செய்யும் கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் சொன்னேன். "அதான் நாங்க சொல்றது கரெக்டுன்னு சொல்றேன்" என்றாள்.

தோற்ற பயிற்றுநர் அம்மா மேசைக்கு வந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். என் கையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார். "அடுத்த வருடம் என்பதற்கு உங்கள் மொழியில் என்ன?" என்று கேட்டார். "வாற வருசம்" என்றேன். சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

சித்தப்பாவைத் தேடிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். அங்கே சித்தப்பா தனியாக இல்லை. வெளியூர் அணியின் மஞ்சள் சால்வை போட்ட ஒரு வியட்நாமியப் பெரியவரோடு நடைபாதை விளிம்பில் குந்தியிருந்து, அவருடைய கைபேசியில் வெற்றிக் கொண்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவரை ஏசினார் என்று அந்தப் பெரியவரை முதல் பாதியிலேயே வெளியேற்றியிருக்கிறார்கள். மகள் மறுகரையில் கலியாணம் கட்டியிருப்பதால் அந்த அணிக்கு ஆதரவாம். அவருடைய மனைவி வெட்கம் தாங்காமல் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"இவர் ஸ்பிரிங்வேலிலயாம் இருக்கிறார். இறக்கிவிட்டிட்டுப் போவம்" என்றார் சித்தப்பா. என்மேல் கோபமா என்று கேட்டேன். "நீர் உம்முட வேலையைச் செய்தனீர். நான் என்ர வேலையைச் செய்தனான்" என்றார்.

காரில் அவர்கள் இருவரும் பின்சீட்டில் மகளை நடுவில் வைத்துக்கொண்டு, நடுவர் செய்தது சரியா பிழையா என்று வழி முழுவதும் விவாதித்தார்கள். மச்சாள் முன்சீட்டிலிருந்து நித்திரை கொண்டாள். கணவருக்கு இடமில்லாததால் அவர் ரயிலில் வந்துகொண்டிருந்தார். ஸ்பிரிங்வேலில் வீட்டு வாசலில் பெரியவரின் மனைவி நின்றார். முதலில் அவரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார், பிறகு என்னை மட்டும் உற்றுப் பார்த்தார். தொலைக்காட்சியில் கண்டிருக்கிறார்.

"உங்களையும் வெளியே போட்டுவிட்டார்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அப்படியானால் உள்ளே வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். நாங்கள் எல்லோரும் போனோம். வெளியேற்றப்பட்ட இருவருக்கும் மட்டும் வராந்தாவில் கதிரை போட்டுக் கொடுத்தார்.